கைகள் ஒரே நிலையாய் நிற்க: விசுவாசத்தில் வளர ஒரு முழுமையான வழிகாட்டி

"எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்று இயேசுவிடம் கேட்டவர்கள் அப்போஸ்தலர்கள் (லூக்கா 17:5). அவரோடு நடந்து, பந்தியிருந்து, அற்புதங்களைக் கண்ணால் பார்த்தவர்களுக்கே இந்தக் குறை இருந்திருக்கிறது. நமக்கு இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் எந்த நேரத்தில் அவர்கள் இதைக் கேட்டார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. படகு புயலில் ஆடியபோது கேட்கவில்லை. பிசாசைத் துரத்த முடியாமல் நின்றபோதும் கேட்கவில்லை. உன் சகோதரன் ஒரே நாளில் ஏழு தரம் குற்றம் செய்து, ஏழு தரமும் "மனஸ்தாபப்படுகிறேன்" என்று வந்து நின்றால் மன்னித்துவிடு என்று அவர் சொன்ன கையோடு கேட்டார்கள். மன்னிக்கத்தான் அவர்களுக்கு விசுவாசம் போதவில்லை.

இயேசுவின் பதில் இன்னும் விசித்திரம். கடுகுவிதையளவு இருந்தால் போதும் என்கிறார். அடுத்த வசனத்திலேயே, வயலில் உழுதுவிட்டு வீட்டுக்கு வந்து எஜமானுக்குப் பணிவிடை செய்யும் வேலைக்காரனைப் பற்றிப் பேசுகிறார். அளவு கேட்டவர்களுக்கு வேலையைக் காட்டினார். இந்த வழிகாட்டியும் அந்தத் தடத்தில்தான் போகிறது: இருக்கிற கொஞ்சத்தைப் பயன்படுத்தப் பயன்படுத்த அது வளரும். அதிகமாகக் கிடைக்கட்டும், பிறகு பயன்படுத்தலாம் என்று காத்திருந்தால் வளராது.

முதலில், வளர்க்கப்போவது எதை?

இந்த இடத்தில் குழப்பம் இருந்தால் அடுத்து வரும் படிகள் எல்லாமே தவறான திசையில் போகும். விசுவாசம் என்றதும் நம்மில் பலர் ஒரு உணர்ச்சியை நினைக்கிறோம். ஆராதனையில் உடம்பு சிலிர்ப்பது, சந்தேகமே எழாத ஒரு நிச்சயம், இப்படி. அந்த உணர்ச்சி குறைந்த நாளில் விசுவாசமே போய்விட்டது என்று பயப்படுகிறோம்.

பழைய ஏற்பாட்டின் எபிரெய மொழியில் விசுவாசத்துக்கு உள்ள முக்கியமான சொல் 'எமுனா'. நாம் ஜெபத்தின் முடிவில் சொல்லும் 'ஆமென்' அதே வேரிலிருந்து வந்தது. யாத்திராகமம் 17-ல் இந்தச் சொல் எதிர்பாராத இடத்தில் வருகிறது. அமலேக்கியரோடு யுத்தம் நடக்கிறது. மலையுச்சியில் மோசே கைகளை உயர்த்தினால் இஸ்ரவேல் மேற்கொள்ளும், தாழ்த்தினால் அமலேக்கு மேற்கொள்ளும். கைகள் அசந்துபோகின்றன. ஒரு கல்லைக் கொண்டுவந்து அவரை உட்கார வைத்து, ஆரோன் ஒரு பக்கமும் ஊர் என்பவர் மறுபக்கமும் கைகளைத் தாங்கினார்கள். சூரியன் அஸ்தமிக்கும் வரைக்கும் அவர் கைகள் ஒரே நிலையாயிருந்தன என்று முடிகிறது. அந்த 'ஒரே நிலை' என்ற இடத்தில்தான் எபிரெயத்தில் 'எமுனா' நிற்கிறது.

அசந்துபோன கைகள், கீழே ஒரு கல், இரண்டு பக்கமும் இரண்டு பேர். விசுவாசத்தைப் பற்றி இதைவிட நேர்மையான படம் எனக்குத் தெரியாது. யாக்கோபு தம் நிருபத்தில் இதையே மறுபக்கத்திலிருந்து சொல்கிறார்: தேவன் ஒருவர் உண்டென்று பிசாசுகளும் விசுவாசித்து நடுங்குகின்றன (2:19). ஒரு கருத்து சரி என்று ஒத்துக்கொள்வது மட்டும் விசுவாசம் ஆகாது. ஒருவரை நம்பி, நம் பாரத்தை அவர்மேல் வைத்து, அந்த நிலையிலிருந்து நகராமல் இருப்பதே விசுவாசம். இதை வளர்ப்பதற்கான வேலைகளைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் தொடங்கவேண்டாம். அப்படித் தொடங்கியவர்கள் மூன்றாம் வாரத்தில் ஒன்றும் செய்யாமல் நிற்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். நானும் அவர்களில் ஒருவன்.

படி 1: நிற்கும் இடத்தை உள்ளபடி சொல்லுங்கள்

மாற்கு 9-ல் ஒரு தகப்பன் வருகிறார். மகனுக்குச் சிறுவயது முதல் வலிப்பு. சீஷர்களால் குணமாக்க முடியவில்லை. "நீர் ஏதாகிலும் செய்யக்கூடுமானால்" என்று இழுக்கிறார். இயேசு அந்தத் தயக்கத்தைத் தொட்டுப் பேசியதும் கண்ணீரோடே சத்தமிடுகிறார்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." ஒரே மூச்சில் விசுவாசமும் அவிசுவாசமும். இயேசு அவரைத் திருப்பி அனுப்பவில்லை. 'முழு விசுவாசத்தோடு நாளை வா' என்று சொல்லவில்லை. பையன் அன்றே குணமானான்.

ஆகவே ஒரு தாளை எடுத்து மூன்று பத்தி எழுதுங்கள். நான் உண்மையாகவே நம்புவது, நம்ப விரும்பியும் முடியாதது, நம்பவே மனமில்லாதது. மூன்றாவதில்தான் பேனா நிற்கும். 'தேவன் என்னை நேசிக்கிறார் என்று நம்ப மனமில்லை, ஏனென்றால் அம்மாவை அவர் காப்பாற்றவில்லை' என்று அங்கே வரலாம். 'இந்த உறவை விட்டுவிடச் சொல்வார் என்பதால் அவர் பேசுவதையே கேட்க விருப்பமில்லை' என்றும் வரலாம். எழுதியதை யாருக்கும் காட்டவேண்டாம். தேவனிடம் சத்தமாக வாசியுங்கள். உங்கள் முதல் ஜெபம் இதுவாகவே இருக்கட்டும்.

படி 2: வேதம் – குறைவாக, மெதுவாக, தினமும்

"விசுவாசம் கேள்வியினாலே வரும், கேள்வி தேவனுடைய வசனத்தினாலே வரும்" என்கிறது ரோமர் 10:17. இங்கே கேள்வி என்றால் வினா அல்ல, காதால் கேட்பது. ஒருவரை அறியாமல் அவரை நம்ப முடியாது. அவரை அறியும் வழி அவருடைய பேச்சைக் கேட்பது.

புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று நான்கு அதிகாரம் என்றால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டு ஜனவரியில் தொடங்குவார்கள். ஆதியாகமம் ஓடும், யாத்திராகமம் பாதிவரை ஓடும். கூடாரத்தின் அளவுகளிலும் லேவியராகமத்தின் பலிகளிலும் வண்டி நின்றுவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கும், விட்டுப்போய்த் திரும்பி வருகிறவர்களுக்கும் இந்த வழியை நான் சொல்வதில்லை.

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். நான்கு சுவிசேஷங்களில் மிகச் சிறியது, 16 அதிகாரம். முதல் நாள் ஒரே அமர்வில் முழுவதையும் ஒரு கதையைப் போல வாசித்துவிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் முடியும். இரண்டாம் நாளிலிருந்து தினமும் ஒரு பகுதி மட்டும், அதாவது ஒரு சம்பவம் அல்லது ஒரு உவமை. வாசிக்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: இவர் எப்படிப்பட்டவர்? 'எனக்கு இன்று என்ன வாக்குத்தத்தம்' என்ற கேள்வியைச் சில வாரம் தள்ளி வையுங்கள். வாக்குத்தத்த வசனங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பழகியவர்களின் விசுவாசம், அந்த வாக்குத்தத்தம் நினைத்தபடி நடக்காத அன்று ஆடிப்போகிறது. சொன்னவரை அறிந்தவனுக்கு அந்த நாளிலும் பிடித்துக்கொள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

மாற்கு முடிந்ததும் யோவான், பிறகு ரோமர் அல்லது பிலிப்பியர், பிறகு ஆதியாகமம். இவற்றோடு தினமும் ஒரு சங்கீதம். 150 சங்கீதங்களையும் நாளுக்கு ஐந்து வீதம் மாதம் ஒரு முறை சொல்லி முடிக்கிறவர்கள் உண்டு. தொடக்கத்தில் ஒன்று போதும்.

எப்படி வாசிப்பது என்பதற்கு ஒரு பழைய முறை உண்டு. 12-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த குய்கோ என்ற துறவி அதை நான்கு படி கொண்ட ஏணியாக எழுதி வைத்தார். வாசிப்பது, அசைபோடுவது, ஜெபிப்பது, அமர்ந்திருப்பது. ஒரு பகுதியை மெதுவாக இரண்டு முறை வாசிக்கவேண்டும். மனதைப் பிடித்த சொல்லில் நின்று, மாடு அசைபோடுவதுபோல அதையே திருப்பித் திருப்பி நினைக்கவேண்டும். அதிலிருந்து எழும் நன்றியோ கேள்வியோ கோபமோ, அதை அப்படியே தேவனிடம் சொல்லவேண்டும். பிறகு இரண்டு நிமிடம் ஒன்றும் பேசாமல் இருக்கவேண்டும். கடைசிப் படிதான் மிகக் கடினம். கை தானாகவே கைப்பேசியைத் தேடும்.

வனாந்தரத்தில் மன்னாவை மறுநாளுக்கு மீத்து வைத்தவர்களுக்கு அது பூச்சி பிடித்து நாறியது (யாத்திராகமம் 16). ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தை வாரம் முழுவதும் வைத்துச் சாப்பிட நினைப்பதும் ஏறக்குறைய அதேதான். பத்து நிமிடமானாலும் அன்றன்றைக்கு.

படி 3: ஜெபம்

இங்கிலாந்தின் பிரிஸ்டலில் ஆயிரக்கணக்கான அநாதைப் பிள்ளைகளைப் பராமரித்த ஜார்ஜ் முல்லரை ஜெபத்துக்கு உதாரணமாகக் காட்டாத பிரசங்கி குறைவு. அவரே ஒத்துக்கொண்ட ஒரு விஷயம் அவ்வளவாகச் சொல்லப்படுவதில்லை. பல வருடங்கள் காலையில் எழுந்ததும் நேரே ஜெபிக்க முழங்காலில் நின்றாராம். முதல் கால் மணி நேரம், சில நாள் அரை மணி நேரம், மனம் அலைவதிலேயே போகுமாம். பிறகு வரிசையை மாற்றினார். முதலில் வேதத்தை வாசித்துத் தியானித்து, மனம் அதில் சூடேறியபின் ஜெபித்தார். மனம் அலையும் தொல்லை ஏறக்குறைய நின்றுபோனது என்று 1841-ல் எழுதி வைத்திருக்கிறார். ஜெபம் வரவில்லை என்று புலம்புகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் ஆலோசனை இது. வாசித்துவிட்டு ஜெபியுங்கள்.

என்ன சொல்லி ஜெபிப்பது என்று தெரியாவிட்டால் கர்த்தருடைய ஜெபம் இருக்கிறது. அப்போஸ்தலர் காலத்தை ஒட்டிய ஆதிச்சபையில் அதை நாளுக்கு மூன்று முறை சொல்லும்படி போதித்தார்கள். தானியேலும் தினம் மூன்று வேளை முழங்காற்படியிட்டார். சொந்த வார்த்தை வற்றிப்போன நாட்களில் எழுதப்பட்ட ஜெபங்கள் நம்மைத் தாங்கும். 'மனப்பாடமாகச் சொல்வது ஜெபமா' என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சிலுவையில் தொங்கியபோது இயேசு சொன்னது 22-ஆம் சங்கீதத்தின் முதல் வரி.

மூன்று வேளைக்கு ஒரு எளிய ஒழுங்கு சொல்கிறேன். காலையில் வேதவாசிப்பை ஒட்டிய ஜெபம், பத்து நிமிடம். மதியம் எங்கிருந்தாலும் கர்த்தருடைய ஜெபம் ஒரு முறை, மெதுவாக. இரவில் நாளைத் திரும்பிப் பார்த்தல். இந்த மூன்றாவதை 16-ஆம் நூற்றாண்டில் இயேசு சபைத் துறவியரின் நிறுவனர் லொயோலா இக்னேஷியஸ் தம் தோழர்களுக்கு ஒழுங்குபடுத்திக் கொடுத்தார். இன்று எதற்கு நன்றி சொல்வேன், எந்த நிமிடத்தில் தேவனை நெருங்கினேன், எந்த நிமிடத்தில் விலகினேன், நாளைக்கு எது வேண்டும்? படுக்கையில் உட்கார்ந்து இந்த நான்கையும் கேட்க ஐந்து நிமிடம் ஆகும். விசுவாசம் தேய்வது பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. சின்னச் சின்ன விலகல்களைக் கவனிக்காமல் விடுவதில் நடக்கிறது. இந்த ஐந்து நிமிடம் அதை முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும்.

விண்ணப்பங்களைக் கேட்கும்போது குறிப்பாகக் கேளுங்கள். 'எல்லாரையும் ஆசீர்வதியும்' என்ற ஜெபத்துக்குப் பதில் வந்ததா இல்லையா என்று எப்படித் தெரியும்? கேட்டபின் கையைத் திறந்து வையுங்கள். பாபிலோனில் அக்கினிச்சூளைக்கு முன் நின்ற மூன்று பேர் 'எங்கள் தேவன் எங்களை விடுவிப்பார்' என்றார்கள். அடுத்த வாக்கியம் 'விடுவிக்காமற்போனாலும்' என்று தொடங்குகிறது (தானியேல் 3). முதல் வாக்கியத்தை மட்டும் கற்றுக்கொடுக்கும் போதனை பாதிப் போதனை. எபிரெயர் 11-ம் அப்படித்தான். சிங்கங்களின் வாயை அடைத்தவர்களும் பட்டயக்கருக்குக்குத் தப்பினவர்களும் உள்ள அதே அதிகாரத்தில், அதே விசுவாசத்தோடு வாளால் அறுப்புண்டவர்களும் பட்டயத்தால் வெட்டப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

உபவாசம் பற்றி ஒரே வரி: உடல்நிலை அனுமதித்தால் வாரத்தில் ஒரு வேளை, சொல்லிக்கொள்ளாமல். சர்க்கரை நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், மருந்து சாப்பிடுகிறவர்கள் உணவை விட்டுவிட்டு அல்ல, திரையை விட்டுவிட்டு உபவாசிக்கலாம்.

படி 4: ஒரு சின்னக் கீழ்ப்படிதல்

மேலே சொன்ன இரண்டையும் வருடக்கணக்காகச் செய்தும் விசுவாசம் வளராதவர்கள் உண்டு. காரணம் பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

லூக்கா 17-க்கே திரும்புவோம். அதே அதிகாரத்தில் பத்துக் குஷ்டரோகிகள் வருகிறார்கள். 'போய் ஆசாரியர்களுக்கு உங்களைக் காண்பியுங்கள்' என்கிறார் இயேசு. சுத்தமானபின்தான் ஆசாரியரிடம் போவது வழக்கம். இவர்கள் கிளம்பும்போது தோலில் ஒரு மாற்றமும் இல்லை. "அவர்கள் போகையில் சுத்தமானார்கள்" என்று எழுதியிருக்கிறது. போகையில். யோவான் 7:17-ம் இதையே சொல்கிறது: அவருடைய சித்தத்தின்படி செய்ய மனதுள்ளவன்தான் இந்த உபதேசம் தேவனால் உண்டானதா என்று அறிந்துகொள்வான். அறிந்தபின் செய்வேன் என்கிறோம் நாம். செய்ய வா, அறிவாய் என்கிறார் அவர்.

எதைச் செய்வது என்று தேடவேண்டியதில்லை. பெரும்பாலும் அது நமக்கு முன்பே தெரியும். திருப்பிக் கொடுக்காத கடன். பேசாமல் இருக்கும் உடன்பிறப்பு. கணக்கில் காட்டாத ஒரு தொகை. இவற்றில் மிகச் சின்னதை எடுத்து இந்த வாரத்துக்குள் செய்துவிடுங்கள். ஆப்பிரிக்காவுக்கு மிஷனரியாகப் போக ஜெபிப்பதைவிட அண்ணனுக்கு ஒரு அழைப்பு போடுவது கடினம் என்று அப்போது தெரியும்.

மன்னிப்பைப் பற்றி ஒரு எச்சரிக்கை. மன்னிப்பது வேறு, உங்களைத் துன்புறுத்துகிறவரின் கைக்குள் திரும்பிப் போவது வேறு. வீட்டில் அடி வாங்குகிறவர்களிடம் 'விசுவாசத்தோடு பொறுத்துக்கொள்' என்று சொல்கிறவர்கள் வேதத்தைத் தவறாகக் கையாளுகிறார்கள். முதலில் பாதுகாப்பு, மன்னிப்பு தன் நேரத்தில் வரட்டும்.

படி 5: ஆரோனும் ஊரும்

மோசேயின் கைகளைத் தாங்கிய இருவரில் ஒருவர் பெயர் தமிழ் வேதாகமத்தில் 'ஊர்'. தற்செயல்தான், ஆனாலும் அந்த வரியை வாசிக்கும்போதெல்லாம் ஒரு ஊரே சேர்ந்து கையைத் தாங்குவதுபோல எனக்குத் தோன்றும். தனியாக நின்றிருந்தால் மோசேயின் கைகள் தாழ்ந்திருக்கும். அவருக்கு விசுவாசம் குறைவு என்பதால் அல்ல, அவை மனிதக் கைகள் என்பதால்.

சபைக்குப் போங்கள். இணையத்தில் பிரசங்கம் கேட்பது நல்லதுதான். ஆனால் நீங்கள் வரவில்லை என்று அந்தத் திரைக்குத் தெரியாது. திருவிருந்தும் ஞானஸ்நானமும் உடம்போடு ஓரிடத்தில் இருந்தால்தான் நடக்கும். பாட மனமில்லாத நாளில் பக்கத்தில் நிற்கிறவரின் பாட்டு உங்களுக்காகவும் போகிறது. விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது ஒரு வரி தொண்டையில் சிக்கினால், அந்த வரியைச் சபை உங்களுக்காகச் சொல்லிக்கொண்டிருக்கும்.

ஆனால் ஞாயிறு மட்டும் போதாது. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் கதை இங்கே உதவும். குருப்பட்டம் பெற்று, அமெரிக்காவின் ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய், தோற்று, தனக்கு விசுவாசமே இல்லை என்ற முடிவோடு 1738-ல் இங்கிலாந்து திரும்பினார். பிரசங்கிப்பதை நிறுத்திவிடட்டுமா என்று மொராவியர் என்ற கிறிஸ்தவக் குழுவைச் சேர்ந்த பீட்டர் போலரிடம் கேட்டார். விசுவாசம் வரும்வரை விசுவாசத்தைப் பிரசங்கியும், வந்தபின் அது இருப்பதால் பிரசங்கிப்பீர் என்றார் போலர். அந்த வருடம் மே 24-ஆம் தேதி லண்டனில் ஒரு சின்னக் கூட்டத்தில் வெஸ்லியின் இருதயம் அனல்கொண்டது. கதையை இந்த இடத்தில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். 1739 ஜனவரியில் அதே வெஸ்லி தன் நாட்குறிப்பில், நான் இப்போது கிறிஸ்தவன் அல்ல என்று எழுதுகிறார். அனல்கொண்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை. அவர் பிற்பாடு விசுவாசிகளைப் பன்னிரண்டு பேர் அளவிலான சிறு வகுப்புகளாகப் பிரித்து, வாரம் ஒருமுறை சந்தித்து ஒருவர் ஆத்துமாவை ஒருவர் விசாரிக்கும்படி ஏற்படுத்தியது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

பன்னிரண்டு பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேர். உங்கள் படி 1 தாளைக் காட்டினாலும் அதிர்ந்துபோகாதவர்களாக இருக்கவேண்டும். உங்களைவிட வயதில் மூத்த ஒருவர் அதில் இருப்பது நல்லது. தாங்கள் கடந்துவந்த இருட்டைப் பற்றிப் பேசத் தெரிந்தவர்கள், எல்லாவற்றுக்கும் வசனம் வைத்திருப்பவர்களைவிட உதவுவார்கள்.

கேள்வி கேட்கவே விடாத இடம், தலைவரை விமரிசிப்பதைத் தேவதூஷணம்போல நடத்தும் இடம், காணிக்கையின் அளவை விசுவாசத்தின் அளவாகக் காட்டும் இடம்: இவற்றை விட்டு வெளியே வருவது விசுவாசத்தை விடுவது ஆகாது.

படி 6: கற்களை நட்டு வையுங்கள்

யோர்தானைக் கடந்ததும் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்து நாட்டச் சொன்னார் கர்த்தர். பிள்ளைகள் 'இந்தக் கற்கள் ஏதுக்கு' என்று கேட்கும்போது சொல்வதற்கு (யோசுவா 4). சாமுவேல் நாட்டிய கல்லுக்கு எபெனேசர், அதாவது 'உதவியின் கல்', என்று பெயர். மனித மனம் உதவியைச் சீக்கிரம் மறக்கும், காயத்தை மறக்காது. அதனால்தான் கல் வேண்டியிருக்கிறது.

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். தேதி, கேட்டது, நடந்தது. நடக்காததையும் எழுதுங்கள், வேறுவிதமாக நடந்ததை அடிக்கோடிடுங்கள். மாதத்தின் கடைசி நாளில் பின்னோக்கிப் புரட்டுங்கள். என் நோட்டில் பல வருடம் 'பதில் இல்லை' என்று கிடந்த ஒரு வரிக்குப் பக்கத்தில் பிறகு நானே 'நல்லவேளை' என்று எழுதியிருக்கிறேன். இன்னும் சில வரிகள் காலியாகவே இருக்கின்றன.

படி 7: சந்தேகம் வரும்போது

வரும். உயிர்த்தெழுந்த கிறிஸ்துவைக் கண்டு பணிந்துகொண்டவர்களில் சிலர் சந்தேகப்பட்டார்கள் என்று மத்தேயு 28:17 ஒளிக்காமல் சொல்கிறது. யோர்தானில் இயேசுவுக்கு ஞானஸ்நானம் கொடுத்த யோவானே சிறையிலிருந்து ஆளனுப்பி, "வருகிறவர் நீர்தானா" என்று கேட்டார். இயேசு கோபிக்கவில்லை. தான் செய்வதைப் போய்ச் சொல்லும்படி அனுப்பிவிட்டு, கூட்டத்தின் முன் யோவானைப் புகழ்ந்தார்.

எல்லாச் சந்தேகமும் ஒன்றல்ல. மருந்தும் ஒன்றாக இருக்க முடியாது.

அறிவில் எழும் சந்தேகத்துக்குப் படிப்பு வேண்டும். எங்கிருந்து தொடங்குவது என்பது முக்கியம். சிருஷ்டிப்பின் நாட்கள் எத்தனை மணி நேரம் என்பதில் தொடங்கினால் ஆயுள் போதாது. பவுல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைக்கிறார்: "கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால், எங்கள் பிரசங்கமும் விருதா, உங்கள் விசுவாசமும் விருதா" (1 கொரிந்தியர் 15:14). அதே அதிகாரத்தில், உயிர்த்தெழுந்தவரை ஐந்நூறுக்கும் அதிகமான பேர் ஒரே வேளையில் கண்டார்கள், அவர்களில் பெரும்பாலோர் இன்னும் இருக்கிறார்கள் என்கிறார். சிலுவை நடந்து ஏறக்குறைய இருபத்தைந்து வருடத்துக்குள் எழுதிய கடிதம் இது. போய் விசாரித்துக்கொள் என்பதுபோல இருக்கிறது அந்தத் தொனி. அங்கே தொடங்கி, ஆதரித்தும் மறுத்தும் எழுதியவர்களைப் படியுங்கள். கேள்விக்குப் பயப்படும் விசுவாசத்தைவிட, புரிந்துகொள்ளத் தேடும் விசுவாசம் திடமானது.

காயத்திலிருந்து வரும் சந்தேகம் வேறு. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர் 'தேவன் இருக்கிறாரா' என்று கேட்கும்போது அவர் வாதம் கேட்கவில்லை. யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் தரையில் அவரோடு உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே அதுதான் சிறந்தது. வாயைத் திறந்ததும் கெட்டது. கடைசியில், தேவனை நோக்கிக் கூக்குரலிட்ட யோபு நிதானமாய்ப் பேசினான், தேவனுக்காக வாதாடிய நீங்கள் அப்படிப் பேசவில்லை என்று கர்த்தரே சொல்கிறார். ஆகவே காயப்பட்டிருந்தால் புலம்பல் சங்கீதங்களை எடுத்துக்கொள்ளுங்கள். 13-ஆம் சங்கீதம்: "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்." 88-ஆம் சங்கீதத்தில் கடைசி வரிவரை விடிவே இல்லை, அதுவும் வேதத்தில் இடம்பெற்றிருக்கிறது. அவரைப் பற்றி மற்றவர்களிடம் முணுமுணுப்பதைவிட அவரிடமே சண்டை போடுவது மேல்.

மூன்றாவது வகையைச் சொல்ல யாருக்கும் பிடிக்காது. ஒரு பாவத்தை விட மனமில்லாததால் தேவன் இல்லை என்று இருந்தால் வசதி என்று தோன்றும். அதற்குப் படிப்பு உதவாது. படி 4 உதவும்.

தோமாவைப் பற்றி ஒன்று. உயிர்த்தெழுதலை நம்பமாட்டேன் என்று சொன்னபின் எட்டு நாள் கழித்தும் அவர் சீஷர்களோடு அதே வீட்டுக்குள் இருந்தார். அவர் கிளம்பிப் போகவில்லை, அவர்களும் வெளியே தள்ளவில்லை. இயேசு வந்தபோது தோமா அங்கே இருந்தார்.

படி 8: வறண்ட காலம்

இதைச் சந்தேகத்தோடு குழப்பவேண்டாம். நம்பிக்கை இருக்கும், ருசி இருக்காது. ஜெபம் கூரையில் முட்டித் திரும்பும். அன்னை தெரேசா 1997-ல் மறைந்து பத்து வருடம் கழித்து வெளியான கடிதங்களில், ஏறக்குறைய ஐம்பது வருடம் அவர் இப்படிப்பட்ட இருளில் நடந்தது தெரியவந்தது. அந்த ஐம்பது வருடமும் விடியற்காலையில் எழுந்து ஜெபித்தார், பிறகு நோயாளிகளிடம் போனார்.

இந்தக் காலத்துக்கு மூன்று குறிப்புகள். முதலாவது, உடம்பைப் பாருங்கள். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கக் கண்ட எலியா, அடுத்த அதிகாரத்தில் சூரைச்செடியின் கீழ் 'போதும், என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்' என்று படுத்துவிடுகிறார். தேவதூதன் உபதேசம் செய்யவில்லை. அடையும் தண்ணீரும் வைத்துவிட்டு எழுப்பினான். சாப்பிட்டுத் திரும்பப் படுத்தார். மறுபடியும் எழுப்பி, "நீ பண்ண வேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்றான். தேவன் அமர்ந்த மெல்லிய சத்தத்தில் பேசியது அதற்கெல்லாம் பிறகுதான். தூக்கம் கெட்டு, எதிலும் மனம் பற்றாமல், சாகலாம் என்ற எண்ணம் வந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் போங்கள். உடனிருக்கும் ஒருவரிடமும் சொல்லுங்கள்.

மருந்து எடுப்பது அவிசுவாசம் என்று யாராவது சொன்னால், 'உனக்கு விசுவாசம் இருந்தால் குணமாகியிருப்பாய்' என்று யாராவது சொன்னால், பவுலை நினைத்துக்கொள்ளுங்கள். மூன்று தரம் வேண்டிக்கொண்டும், 'மாம்சத்திலே ஒரு முள்' என்று அவர் சொன்ன அந்த உபத்திரவம் எடுக்கப்படவில்லை. தீமோத்தேயுவின் வயிற்றுக்கும் அடிக்கடி வந்த பலவீனங்களுக்கும் அவர் கைவைத்தியம் சொல்லி எழுதினார். தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து என்ற ஊரில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தார்.

இரண்டாவது, இருட்டில் பெரிய முடிவு எடுக்காதீர்கள். இதுவும் இக்னேஷியஸ் சொன்னது. மனம் தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானத்தை இருளில் மாற்றவேண்டாம். சபையை விடுவது, ஊழியத்தை விடுவது, எல்லாவற்றையும் வெளிச்சம் வரும்வரை ஒத்திவையுங்கள்.

மூன்றாவது, அளவைக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். ஒரு அதிகாரம் முடியாவிட்டால் ஒரு வசனம். ஜெபிக்க முடியாவிட்டால் 'ஆண்டவரே' என்று ஒரு சொல். அதுவும் முடியாவிட்டால் உங்கள் இரண்டு பேருக்குச் சொல்லி அனுப்புங்கள், அவர்கள் ஜெபிப்பார்கள். கீழே ஒரு கல்லும் பக்கத்தில் இரண்டு பேரும் எதற்கு இருக்கிறார்கள்?

வளர்ந்ததா என்று எப்படித் தெரியும்?

பெரும்பாலும் தெரியாது. விதைத்தவன் இரவில் தூங்கிப் பகலில் விழித்திருக்க, அவனுக்குத் தெரியாதவிதமாய் விதை முளைத்துப் பயிராகிறது என்றார் இயேசு (மாற்கு 4). இயேசு 'பெரிய விசுவாசம்' என்று பாராட்டியவர்கள் இருவர்: ஒரு ரோம நூற்றுக்கதிபதி, ஒரு கானானிய ஸ்திரீ. இருவருமே தங்கள் விசுவாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவர் வேலைக்காரனைப் பற்றிப் பேசினார், மற்றவர் மகளைப் பற்றி. தினமும் செடியைப் பிடுங்கி வேர் விட்டதா என்று பார்க்கிறவர்களைப்போல நம் விசுவாசத்தையே அளந்துகொண்டிருந்தால் வேர் பிடிக்காது.

ஆனாலும் சில வருடம் கழித்து ஏதோ ஒரு நாள் தற்செயலாகப் பிடிபடும். நள்ளிரவில் கைப்பேசி ஒலிக்கும், மறுமுனையில் கெட்ட செய்தி. சட்டையை மாட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுவீர்கள். பாதி வழியில்தான் கவனிப்பீர்கள், வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்தே உதடு அசைந்துகொண்டிருப்பதை.